மட்டையைக் கீழே வைக்கும் நேரம்

ஆட்டக்காரனுக்கும் சங்கமா? பந்தடிக்கிறவனுக்கு என்ன பேரம், என்ன ஒப்பந்தம்? அம்பத்தூர் தொழிற்பேட்டையிலே, ஆவடி பாக்டரி வாசலிலே, பூந்தமல்லி பஸ் நிறுத்தத்திலே இந்தக் கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். லட்சக்கணக்கில் வாங்குகிறவனுக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஆட்டக்காரனுக்காகக் கவலைப்படச் சொல்லி இதை எழுதவில்லை. அவனுடைய கதையிலே நம்முடைய பாடம் ஒன்று வெட்டவெளிச்சமாகக் கிடக்கிறது. அதைப் பார்க்கச் சொல்லித்தான் எழுதுகிறோம்.

முதலில் அந்த லட்சங்களைப் பார்ப்போம். 2024 அக்டோபரில் டில்லியில் ஹாக்கி இந்தியா லீக் போட்டிக்காக ஆட்டக்காரர்களை ஏலம் விட்டார்கள். ஏலம் என்ற சொல் நாம் வைத்ததல்ல, அவர்களே வைத்துக்கொண்டது. மாட்டுச் சந்தையிலும், அடகு வைத்து மூழ்கிப்போன நகைக்கும் வழங்குகிற அதே சொல். இந்திய அணித் தலைவர் ஹர்மன்ப்ரீத் சிங் 78 லட்சத்துக்குப் போனார். பத்திரிகைகள் அந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டன. அடிப்படை விலை மூன்று படிகளாக 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் என்று வைக்கப்பட்டிருந்தது கொட்டை எழுத்தில் வரவில்லை. கீழ்ப்படியில் நிற்கிறவன் அந்தப் பருவத்துக்கு வாங்குவது 2 லட்சம். அடுத்த ஆண்டு யாரும் கை தூக்காவிட்டால் அதுவும் இல்லை. முழங்கால் போனால் கதை முடிந்தது. அவனையும் 78 லட்சத்தையும் ஒரே மூட்டையில் கட்டி, "ஆட்டக்காரர்கள் கொழிக்கிறார்கள்" என்று சொல்வது, ஆலையின் ஜெனரல் மானேஜர் சம்பளத்தையும் கேஷுவல் தொழிலாளியின் கூலியையும் கூட்டிச் சராசரி போட்டுக் காட்டுகிற அதே கணக்குதான்.

சரி, பேரம் பேசும் சக்தி என்பது எங்கே இருக்கிறது? திறமையிலா, புகழிலா, வாங்குகிற தொகையிலா? இவற்றில் எதிலும் இல்லை. நான் வேலையை நிறுத்தினால் யாருக்கு நஷ்டம், எவ்வளவு நஷ்டம், எந்த நாளில் நஷ்டம்? இந்த மூன்றிலும்தான் அது இருக்கிறது. மூன்றாவதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். விவசாயத் தொழிலாளி மறப்பதில்லை.

பூந்தமல்லிக்கு மேற்கே செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரில் விளைந்த வயல்கள் பல இன்று மனைகளாகவும் கிடங்குகளாகவும் ஆகிவிட்டன. இருந்தாலும் சொர்ணவாரி, சம்பா, நவரை என்ற மூன்று பட்டத்தையும் சொன்னால் தெரிந்துகொள்கிறவர்கள் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கூலி உயர்வை எப்போது கேட்பது என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வயல் வெடித்துக் கிடக்கிற கோடையில் கேட்டால் பண்ணையார் வெற்றிலையை மென்றுகொண்டே "பார்க்கலாம்" என்பார். சம்பா முற்றித் தலை சாய்ந்து நிற்கும்போது கேட்டால் அவரே திண்ணையை விட்டு இறங்கி வருவார். நாலு நாள் தாமதித்தால் கதிர் உதிரும், ஒரு மழை வந்தால் தரையோடு ஒட்டி முளைத்துவிடும். அதே ஆள், அதே அரிவாள், அதே பண்ணையார். மாறியது நாள் ஒன்றுதான். (அறுவடை இயந்திரம் வந்து அந்த நாளின் பலத்தையும் பாதிக்கு மேல் தின்றுவிட்டது என்பது வேறு விஷயம். ஆனால் கோல் போடும் இயந்திரத்தை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.)

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு நம் நாட்டு ஹாக்கியில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

தன்ராஜ் பிள்ளை பெயரைத் தெரியாதவர் இருக்க முடியாது. தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. பிறந்தது புனாவை அடுத்த கட்கியில். தகப்பனார் அங்கேயிருந்த ஆர்டினன்ஸ் பாக்டரியில் மைதானப் பராமரிப்பு வேலை பார்த்தவர். ஆவடியில் டாங்கி பாக்டரி, துணி பாக்டரி குவார்ட்டர்ஸ்களில் வளர்கிற பிள்ளைகளைப் போலவே பாக்டரி காலனியில், உடைந்த மட்டையைக் கட்டி ஆடி வளர்ந்தவர். 1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. 1966-க்குப் பிறகு, 32 ஆண்டு கழித்துக் கிடைத்த தங்கம். ஊரே கொண்டாடியது. வெளிநாட்டுப் பயணங்களில் தருகிற படி போதவில்லை, வசதி போதவில்லை என்று தன்ராஜ் வெளிப்படையாகப் பேசி வந்தவர். தங்கம் வென்று வந்தபின் அடுத்த தொடருக்கான அணியில் அவர் பெயர் இல்லை. இன்னும் ஆறு மூத்த ஆட்டக்காரர்கள் பெயரும் இல்லை. "ஓய்வு கொடுத்திருக்கிறோம்" என்றது அன்றைய இந்திய ஹாக்கி சம்மேளனம். அதன் தலைவர் கே.பி.எஸ். கில், பஞ்சாபின் முன்னாள் போலீஸ் அதிகாரி. வாய் திறந்ததற்குக் கிடைத்த கூலி இது என்றுதான் நாடு முழுவதும் பேசிக்கொண்டது.

ஆலையிலும் இப்படி "ஓய்வு" கொடுப்பார்கள். ஷிப்டை மாற்றுவார்கள், தூரத்து டிப்போவுக்கு அனுப்புவார்கள். வேலை நீக்கம் என்ற வார்த்தையே கடிதத்தில் இருக்காது. தன்ராஜிடம் உலகம் மெச்சிய திறமை இருந்தது, புகழ் இருந்தது, கழுத்தில் தங்கமும் இருந்தது. தங்கத்தை வாங்கிக் கொடுத்த பிறகு அவரைத் தள்ளி வைப்பதால் சம்மேளனத்துக்கு அன்றைக்கு என்ன நஷ்டம்? கண்டுமுதல் வீட்டுக்கு வந்த பிறகு வாசலில் நின்று கூலி கேட்ட கதைதான்.

ஆண்டுகள் பல போயின. 2008-ல் சீலே நாட்டின் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் தோற்று, வரலாற்றில் முதல் தடவையாக இந்தியா ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெறாமல் போயிற்று. பழைய சம்மேளனத்தின் அதிகாரம் பறிக்கப்பட்டு, 2009-ல் ஹாக்கி இந்தியா என்ற புதிய ஸ்தாபனம் வந்தது. பெயர்ப்பலகை புதிது. பணம் பட்டுவாடா செய்கிற பழக்கம் மட்டும் பழையதாகவே இருந்தது.

2010 ஜனவரியில், அதே புனாவில், பாலேவாடி மைதானத்தில் உலகக் கோப்பைக்கான பயிற்சி முகாம். பிப்ரவரி 28-ந் தேதி டில்லியில் போட்டி தொடங்க வேண்டும். ஜெயித்ததற்குத் தருவதாகச் சொன்ன ஊக்கத்தொகை வந்து சேரவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஆட்டக்காரர்கள், ராஜ்பால் சிங் தலைமையில், ஒரு காலையில் மைதானத்தில் இறங்க மறுத்துவிட்டார்கள். முகாமில் இருந்த 22 பேரும் ஒரே குரலில் மறுத்தார்கள். ஆளுக்கு 25,000 ரூபாய் தருகிறோம் என்று ஹாக்கி இந்தியா சொன்னது. வேண்டாம், எங்கள் பாக்கி எங்கே என்றார்கள். 48 மணி நேரத்துக்குள் பயிற்சிக்குத் திரும்புங்கள், இல்லையேல் வீட்டுக்குப் போங்கள் என்று கெடு வந்தது. கெடுவுக்கு யாரும் அசையவில்லை. அசைந்தது ஸ்தாபனம்தான். ஜனவரி 13-ந் தேதி பாக்கியைத் தர ஒப்புக்கொண்டு சமரசம் ஆயிற்று.

இந்தச் சில நாட்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தன்ராஜுக்குக் கிடைக்காதது இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? 1998 அணியோடு பார்த்தால் இவர்கள் பெரிய ஆட்டக்காரர்களும் அல்ல. பிறகு நடந்த உலகக் கோப்பையில் பாகிஸ்தானை 4-1 என்று அடித்தார்கள், ஆனால் கடைசியில் எட்டாவது இடம்தான். திறமையில் குறைந்தவர்கள் பேரத்தில் ஜெயித்தார்கள்.

முதல் காரணம் நாள். போட்டிக்கு 46 நாள்தான் பாக்கி. போட்டியை நடத்துகிறது நம் நாடே. சீட்டு விற்றாயிற்று, விளம்பரம் பிடித்தாயிற்று, டெலிவிஷனுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. சொந்த அணி இல்லாமல் சொந்த ஊரில் திருவிழா நடத்த முடியுமா? கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. இரண்டாவது காரணம், 22 பேரும் ஒரே கூரையின் கீழ் தூங்கி, ஒரே பந்தியில் சாப்பிட்டவர்கள். ஆவடி லைன் முதல் ரயிலில் வந்து ஒரே கேட்டில் நுழைகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். ராத்திரி எடுத்த முடிவு காலையில் கலையாமல் இருந்தது. பிரித்துப் பேச, தனித்தனியாகக் கூப்பிட்டு ஆசை காட்ட, நிர்வாகத்துக்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை.

மூன்றாவது காரணத்தை யாரும் பேசுவதில்லை. இந்தியாவில் ஹாக்கி ஆடுகிறவனுக்குச் சோறு போடுவது பெரும்பாலும் ஹாக்கி அல்ல, உத்தியோகம். ரயில்வே, பெட்ரோலிய கம்பெனிகள், பாங்கு, போலீஸ், ராணுவம் என்று ஏதாவதொன்றில் அவன் சம்பளக்காரன். நம் ஊரிலேயே வில்லிவாக்கத்துக்குப் பக்கத்தில் ஐ.சி.எப். அணி இருக்கிறது, தெற்கு ரயில்வே அணி இருக்கிறது, பாங்கு அணிகள் இருக்கின்றன. மட்டையைக் கீழே வைத்தாலும் மாதச் சம்பளம் வீட்டுக்குப் போகும் என்றால் நாலு நாள் அல்ல, நாற்பது நாளும் நிற்கலாம். ஆலைத் தொழிலாளிக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. அவனுக்கு அடுப்பு அணைவதற்கு முன் முடிவு வந்தாக வேண்டும்.

ஆனால் அதே உத்தியோகம்தான் இன்னொரு பக்கம் விலங்காகவும் இருக்கிறது. சோறு வேறிடத்திலிருந்து வருவதால், ஆட்டத்தில் வருகிற பணத்துக்குச் சண்டை போடுவது ஏதோ உபரிக்குச் சண்டை போடுவது போலத் தோன்றிவிடுகிறது. நிரந்தரமான சங்கம் கட்ட வேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை. அதனால்தான் புனாவின் வெற்றி புனாவோடு நின்றது. பாக்கி வாங்க ஒப்புதல் பெற்றார்கள், மைதானத்துக்குத் திரும்பினார்கள், போட்டி முடிந்தது, அவரவர் ஊருக்குப் போனார்கள். சங்கம் பதிவாகவில்லை. அடுத்த ஆண்டு என்ன தரப்படும் என்று எழுதிக் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தம் எதுவும் மிஞ்சவில்லை. அதே மாதத்தில் போபால் முகாமில் இருந்த பெண்கள் அணியும் தங்களுக்கு ஒன்றும் தரப்படவில்லை என்று குரல் எழுப்பியது. இரண்டு அணிக்கும் ஒரே எஜமானன்தான். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே கோரிக்கையில் நிற்க ஏற்பாடு செய்ய ஓர் ஆபீஸ் அறையும் ஒரு செயலாளரும் இருந்திருந்தால்?

இல்லாததன் பலனை இரண்டே ஆண்டில் அனுபவித்தார்கள். 2012 பிப்ரவரி கடைசியில் வேர்ல்ட் சீரிஸ் ஹாக்கி என்று எட்டு அணிகளை வைத்துப் போட்டி நடத்தினார்கள். பழைய சம்மேளனமும் நிம்பஸ் என்ற கம்பெனியும் சேர்ந்து நடத்தியது. சென்னை சீட்டாஸ் என்று நமக்கும் ஓர் அணி, எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம். ஏப்ரல் 2-ந் தேதி முடிந்தது. பேசிய பணம் முழுதாகக் கைக்கு வரவில்லை என்று ஆட்டக்காரர்கள் பலர் பிறகு புகார் சொன்னார்கள். இரண்டாவது பருவம் வரும், அப்போது பார்க்கலாம் என்றார்கள். இரண்டாவது பருவம் வரவேயில்லை. யாரிடம் போய்க் கேட்பது? ஹாக்கி இந்தியா அந்தப் போட்டியை அங்கீகரிக்கவே இல்லை. பஞ்சாபிலும் ஒடிசாவிலும் கோயம்புத்தூரிலும் சிதறிக் கிடக்கிறவர்களை ஒன்று சேர்த்து வழக்குப் போட ஆள் இல்லை. புனாவில் ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்களின் பலம், பந்தி கலைந்ததும் கலைந்துவிட்டது.

சங்கம் இருந்தால் மட்டும் எல்லாம் கிடைத்துவிடுமா? இதற்குப் பதில் வேண்டுமானால் கடல் கடந்து போக வேண்டும். கனடாவிலும் அமெரிக்காவிலும் பனிக்கட்டித் தளத்தின்மேல் ஆடுகிற ஹாக்கி ஒன்று உண்டு. அதன் லீகில் முதலாளிகளும் ஆட்டக்காரர் சங்கமும் எழுபது ஆண்டாக மோதி வருகிறார்கள். எல்லாக் கட்டத்தையும் அவர்கள் பார்த்துவிட்டார்கள்.

1957-ல் லீகில் ஆறே அணிகள். டெட்ராய்ட் அணியின் டெட் லிண்ட்சே, எங்கள் பென்ஷன் நிதியின் கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டார். காட்ட மறுத்தார்கள். மற்ற அணிகளின் ஆட்டக்காரர்களையும் சேர்த்துச் சங்கம் அமைத்தார். அந்த ஆண்டே அவரை லீகின் கடைசிப் படியில் கிடந்த சிகாகோ அணிக்குத் தள்ளினார்கள். லிண்ட்சே அந்தக் காலத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். தன்ராஜுக்குக் கிடைத்த "ஓய்வு" அவருக்கு "மாற்றல்" என்ற பெயரில் கிடைத்தது. அடுத்து அவருடைய பழைய டெட்ராய்ட் தோழர்களே சங்கத்திலிருந்து விலகினார்கள். 1958-ல் குறைந்தபட்சச் சம்பளம் 7,000 டாலர் என்று சிலவற்றைக் கொடுத்து, சங்கத்தைப் புதைத்தார்கள். சில்லறையைக் கொடுத்துச் சங்கத்தை வாங்குவது எந்த நாட்டு முதலாளிக்கும் தெரிந்த வித்தை.

1967-ல் மறுபடி சங்கம் வந்தது. தலைமைக்கு வந்தவர் ஆலன் ஈகிள்சன் என்ற வக்கீல். ஆட்டக்காரர்களின் ஏஜெண்டும் அவரே, சங்கத் தலைவரும் அவரே, சர்வதேசப் போட்டிகளை நடத்துகிறவரும் அவரே. முதலாளிகளோடு கை குலுக்கிக்கொண்டு கால் நூற்றாண்டு தலைவராக இருந்தார். கங்காணியையே சங்கத் தலைவராக வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? சம்பளம் என்ன என்று ஒருவருக்கொருவர் தெரியாமல் ஆட்டக்காரர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற கிழட்டு ஆட்டக்காரர்கள், கார்ல் ப்ரூவர் போன்றவர்கள், பென்ஷன் பணத்தைத் தோண்டத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. பென்ஷன் நிதியின் உபரியை லீக் தன் பங்குக்கு ஈடுசெய்துகொண்டது தவறு என்று கனடாக் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 1998-ல் ஈகிள்சன் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஜெயிலுக்குப் போனார். 1957-ல் லிண்ட்சே கேட்ட கணக்கு இதுதான். அதைக் காண நாற்பது ஆண்டு பிடித்தது.

சங்கம் உண்மையான சங்கமாக ஆனது 1992-ல். பாப் குட்நவ் என்ற புதிய தலைவர். இங்கே நேரத்தைக் கவனியுங்கள், தோழர்களே. அந்த ஹாக்கியில் அக்டோபரில் பருவம் தொடங்கும், ஏப்ரலில் கோப்பைக்கான இறுதிச் சுற்று. ஆட்டக்காரனின் சம்பளம் வழக்கமான பருவத்தோடு முடிந்துவிடும். இறுதிச் சுற்றில் வாங்குவது ஒரு சிறு வெகுமதி. ஆனால் முதலாளிக்கு வசூல் கொட்டுவதே அந்த இறுதிச் சுற்றில்தான். அவனுடைய அறுப்பு அது. 1992 ஏப்ரல் 1-ந் தேதி, இறுதிச் சுற்று தொடங்கும் தறுவாயில், 560 ஓட்டு ஆதரவு, 4 ஓட்டு எதிர்ப்பு என்று முடிவெடுத்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆட்டக்காரர்கள் தங்கள் சம்பளத்தை ஏறக்குறைய முழுவதும் வாங்கி முடித்திருந்தார்கள். முதலாளியின் களம் மட்டும் காலியாக இருந்தது. பத்தே நாளில் ஒப்பந்தம் வந்துவிட்டது.

முதலாளிகளும் மண்டையில் களிமண் வைத்திருக்கவில்லை. பாடத்தை நன்றாகப் படித்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் இல்லாமல் பருவத்தைத் தொடங்கவிட்டால் ஏப்ரலில் கழுத்தைப் பிடிப்பார்கள், ஆகவே பருவத்தையே தொடங்கவிடக் கூடாது என்று தீர்மானித்தார்கள். 1994 அக்டோபரில் கதவடைப்பு. ஜனவரி வரை நீடித்து, பருவம் 48 ஆட்டமாகச் சுருங்கியது. அந்தத் தடவை ஆட்டக்காரர்கள் சம்பள உச்சவரம்பை ஏற்காமல் தப்பினார்கள். 2004 செப்டம்பரில் மறுபடி கதவடைப்பு. இந்தத் தடவை 30 அணி முதலாளிகளும் முன்கூட்டியே நிதி சேர்த்து வைத்திருந்தார்கள். 2005 பிப்ரவரி 16-ந் தேதி அந்தப் பருவம் முழுவதையும் ரத்து செய்தார்கள். 310 நாள். 1,230 ஆட்டம் போயிற்று.

ஆட்டக்காரர்கள் நிற்கத்தான் செய்தார்கள். முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் ஐரோப்பாவுக்குப் போய் அங்கே ஆடிச் சம்பாதித்தார்கள். ஆனால் ஆட்டக்காரனின் ஆயுள் குறுகியது. பத்தாண்டு ஆடினால் பெரிது. அதில் ஓர் ஆண்டு போனால் திரும்பி வராது. முதலாளிக்கு அணி அடுத்த ஆண்டும் இருக்கும், அவன் பேரனுக்கும் இருக்கும். வயலைத் தரிசு போட்டுக் காத்திருக்கக் கூடியவனுக்கும், அன்றாடக் கூலியில் வயிறு வளர்க்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம் கோடி டாலர் சம்பளத்திலும் மறைந்துவிடவில்லை. 2005 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தத்தில், ஏற்கெனவே எழுதிய சம்பளங்களில் 24 சதம் வெட்டு, அணிக்கு 39 மில்லியன் டாலர் என்று உச்சவரம்பு. குட்நவ் பதவி விலகினார். 2012 செப்டம்பரில் மூன்றாவது கதவடைப்பு. வருமானத்தில் ஆட்டக்காரர்களின் பங்கு 57 சதத்திலிருந்து 50 சதத்துக்கு இறங்கியது.

கோடீஸ்வரர்களும் கோடீஸ்வரர்களும் போட்டுக்கொண்ட சண்டை இது என்று அங்கேயும் சொன்னார்கள். அரங்கில் சீட்டுக் கிழித்தவன், தின்பண்டம் விற்றவன், பனித்தளத்தைக் கூட்டியவன் ஆகியோருக்கு 310 நாளும் அந்த வேலை இல்லை, அவர்கள் கதையை யாரும் எழுதவில்லை என்பது உண்மை. ஆட்டக்காரர் சங்கத்தின் மேல் நமக்குள்ள குறை அதுதான். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தோற்றபோதும் அவர்களிடம் சங்கம் இருந்தது. இறங்கியது ஏழு சதம் என்று எண்ணிச் சொல்ல முடிகிறது. வருமானக் கணக்குப் புத்தகம் சங்கத்தின் பார்வைக்கு வருகிறது. காயம் பட்டவனுக்கு என்ன, ஓய்வு பெற்றவனுக்கு என்ன என்று எழுத்தில் இருக்கிறது. நம் ஊர் ஹாக்கி ஆட்டக்காரன் தோற்றால் எவ்வளவு தோற்றான் என்பதே தெரியாது. கிரிக்கெட்டில்கூட 2019-ல் அமைந்த இந்தியக் கிரிக்கெட் ஆட்டக்காரர் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும்தான். ஆடிக்கொண்டிருக்கிறவன், அதாவது நிறுத்தக் கூடியவன், அதில் உறுப்பினன் அல்ல. பல் விழுந்த பிறகு கடிக்க அனுமதி!

இந்த நேரக் கணக்கு நமக்குப் புதிதா? ஆவடித் தோழர்களைக் கேளுங்கள். ஆர்டினன்ஸ் பாக்டரிகளைக் கம்பெனிகளாக உடைப்பதை எதிர்த்து 2021 ஜூலை கடைசியில் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று சம்மேளனங்கள் அறிவித்தன. ஜூன் 30-ந் தேதியே அவசரச் சட்டம் வந்துவிட்டது. நிறுத்தினால் ஓராண்டு ஜெயில், தூண்டினால் இரண்டாண்டு. அக்டோபர் 1-ந் தேதி 41 பாக்டரிகள் ஏழு கம்பெனிகள் ஆயின. டாங்கி பாக்டரி ஒரு கம்பெனியில், துணி பாக்டரி இன்னொரு கம்பெனியில். ஒரே ஊரில் இருந்துகொண்டே பேரம் பேச வேண்டிய எஜமானர்கள் இரண்டாகிவிட்டார்கள். அந்தச் சட்டத்தின் ஆயுள் ஓராண்டுதான். அந்த ஓராண்டுதான் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

பூந்தமல்லியிலிருந்து அதே பெங்களூர் சாலையில் மேற்கே போனால் சுங்குவார்சத்திரம். அங்கே சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9-ந் தேதி நிறுத்தினார்கள். குளிர்பதனப் பெட்டியும் டெலிவிஷனும் அதிகம் விற்கிற தீபாவளிப் பருவத்துக்கு முன்னால். 37 நாள் நின்றார்கள். கோரிக்கைகளில் முதன்மையானது கூலிகூட அல்ல, சங்கத்தை ஏற்க வேண்டும் என்பது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. புனாவில் 22 பேர் பாக்கியை வாங்கிக்கொண்டு சங்கத்தை விட்டுவிட்டார்கள். இவர்கள் சங்கத்தை முதலில் கேட்டார்கள். எது நீண்ட நாள் நிற்கும் என்பதை வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் எந்தத் தொழிலிலும் வேலைநிறுத்தம் கூடாது என்கிறது. சமரசப் பேச்சு நடக்கும்போதும் கூடாது. பாதிப் பேர் சேர்ந்து லீவு போட்டாலும் அது வேலைநிறுத்தம். இதை வெறும் சட்ட நுணுக்கமாகப் படிக்கக் கூடாது. 14 நாள் என்பது சரக்கைக் கிடங்கில் சேர்த்துக்கொள்ளவும், ஆளைப் பிடித்துக்கொள்ளவும் முதலாளிக்குக் கொடுத்த தவணை. முற்றிய கதிரைக் காட்டிப் பேசுகிறவனிடம், இரண்டு வாரம் கழித்துப் பேசு என்று சொல்வது. ஹாக்கி ஆட்டக்காரன் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியா இல்லையா என்பது தீராத கேள்வி. அவன் தொழிலாளி என்று தீர்ந்தால், புனாவில் ஒரு காலையில் மட்டையைக் கீழே வைத்தது போல இனி வைக்க முடியாது.

ஆகவே ஹாக்கி ஆட்டக்காரர்கள் இன்னொரு புனாவுக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. ஐ.சி.எப்.பிலும் தெற்கு ரயில்வேயிலும் ஆடுகிறவர்கள் ஏற்கெனவே சங்கங்கள் நிறைந்த தொழில்களில் சம்பளம் வாங்குகிறார்கள். நோட்டீஸ் எழுதுவது எப்படி, சந்தா பிரிப்பது எப்படி, கணக்கு வைப்பது எப்படி என்று சொல்லித் தரக் கூடியவர்கள் பக்கத்து மேஜையிலேயே இருக்கிறார்கள். 2 லட்ச ரூபாய் ஆட்டக்காரனையும் 78 லட்ச ரூபாய் ஆட்டக்காரனையும் ஒரே உறுப்பினர் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். பெண்கள் அணி முதல் நாளிலிருந்தே உள்ளே இருக்க வேண்டும். லீக் முதலாளிகளிடம் முதலில் கேட்க வேண்டியது ஏலத்தொகை அல்ல. பருவம் பாதியில் நின்றால் பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு பாங்கு உத்தரவாதம். 2012-ல் இல்லாமல் போனது அதுதான்.

பிறகு ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம். வட அமெரிக்க லீகும் சங்கமும் 2025 ஜூலையில் புதிய ஒப்பந்தத்தை அங்கீகரித்தார்கள். 2026-27 பருவம் முதல் 2029-30 பருவம் வரை செல்லும். இந்தத் தடவை கதவடைப்பு இல்லாமலே, பழையது காலாவதியாக ஓராண்டுக்கு மேல் இருக்கும்போதே முடித்துவிட்டார்கள். சங்கத்தின் தலைவர் மார்ட்டி வால்ஷ், பாஸ்டன் நகரின் கட்டுமானத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்து மேயராக இருந்தவர். நல்ல பேரம் என்கிறார்கள், இருக்கலாம். ஆனால் அதுவும் காலாவதியாவது செப்டம்பர் மாதத்தில்தான், முதலாளி கதவைச் சாத்த வசதியான மாதத்தில். அந்தத் தேதியை ஏப்ரலுக்கு நகர்த்த அந்தச் சங்கத்தால் இன்னும் முடியவில்லை.